எட்டுப் பேருக்கும் இடக்கை

கண்ணு,

புதன்கிழமை காலை பாத்திரம் துலக்கிக்கொண்டே நீ ஒன்று கேட்டாய். "ஏம்மா, நான் போயி இன்னொருத்தருக்குச் சொல்லிக் குடுக்கலாமா? பாதி உங்கிட்டக் கத்துக்கிட்டது, மீதி போன்ல பாத்துக் கத்துக்கிட்டது. யாருகிட்டக் கத்துக்கிட்டீங்க மிஸ்னு ஒரு பிள்ள கேட்டா என்னன்னு சொல்றது?" நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை. நீ ஈரக் கையை என் முந்தானையில் துடைத்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாய். பதில் தெரியாமல் நான் சும்மா இருக்கவில்லை. என் தப்பு ஒன்றைச் சொல்லாமல் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. அதற்குத்தான் இருபது வருடங்களுக்கு மேலாக எனக்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமை நீ ஒரு பெண்கள் பள்ளியில் ஜூடோ சொல்லிக்கொடுக்கச் சேருவதற்குள் அதை எழுதிவிடுகிறேன். உன்னைப் போலத் தயங்கி நிற்கிற வேறு பிள்ளைகள் படித்தாலும் படிக்கட்டும்.

நம் வீட்டு அலமாரியில் இருக்கும் படம் உனக்குத் தெரியும். வெள்ளை அங்கி போட்ட எட்டுப் பெண்கள், நடுவில் ஒரே ஒரு வெண்கலப் பதக்கம், அதன்மேல் எட்டுக் கைகள். "ஒரு மெடலுக்கு இத்தன பேரா" என்று சின்ன வயதில் சிரிப்பாய். அந்த ஒன்று எப்படி வந்தது என்பதை உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

அப்போது நான் பதினோராம் வகுப்பு. வீடியோ கேசட் போய் சிடி வந்துகொண்டிருந்த வருடங்கள். திருப்பூர் ராயபுரத்தில் வீடு, என் அப்பா, அதாவது உன் அப்புச்சி, ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளி விட்டதும் நான் நேராக அங்கே போய், துணி மூட்டைமேல் உட்கார்ந்து, அவர் வேலை முடிகிறவரை நூலகப் புத்தகம் படிப்பேன். புத்தகம் தீர்ந்துவிட்டால் அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கும் வெளிநாட்டு முகவரியையும் விடாமல் படிக்கிற பெண் நான். கம்பெனியின் பின்னால் ஒரு பழைய குடோன். பொழுது சாய்கிற நேரத்தில் அங்கே கட்டிங் மாஸ்டர் ஏழு பெண்களுக்கு ஜூடோ சொல்லிக்கொடுப்பார். துணியை அடுக்கிவைத்து, கனமான அட்டையில் அளவு வெட்டி, அந்த அட்டையை மேலே வைத்துக் கோடு போட்டுத் துணியை வெட்டுவது அவர் வேலை. நாற்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, காதில் எந்நேரமும் ஒரு சாக்குக்கட்டி. சணல் சாக்கில் பனியன் வேஸ்ட்டை அடைத்துத் தைத்ததுதான் எங்கள் பாய். காடாத் துணியை இரட்டையாக வைத்துத் தைத்ததுதான் அங்கி. முதல் மாதம் பிடிக்கிற பிடிக்கெல்லாம் தையல் பிரிந்ததாம். பிறகு பெண்களே ஒவ்வொரு ஓரத்துக்கும் மூன்று தையல் ஓட்டிக்கொண்டார்கள்.

அந்த ஏழு பேரில் பாதிப் பேர் தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண்கள். கம்பெனி விட்டால் ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய லைன் வீடு, லைன் வீடு விட்டால் கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை கோயிலோ சர்ச்சோ. இதற்கு நடுவே குடோனில் கிடைத்த அந்த ஒரு மணி நேரம்தான் அவர்கள் கையைக் காலை நீட்டி, சத்தமாகச் சிரித்து, ஒருத்தியை ஒருத்தி தூக்கிப் போட்டு விளையாடிய நேரம். செக்கிங் டேபிளில் வேலை பார்த்த ஜெபாதான் எல்லோரிலும் கெட்டிக்காரி. திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட ஒரு வயது மூத்தவள், என்னை "புத்தகம்" என்றே கூப்பிடுவாள். "ஏட்டி புத்தகம், அதுல எங்கயாச்சும் சாப்பாடு போடுதாவளா?" என்பாள். அந்தச் சமயத்தில் முதலாளி புதிதாகத் தையல் மிஷின்கள் வாங்கியிருந்தார். அவற்றை நிறுத்த இடம் இல்லை. ஒருநாள் குடோன் வாசலில் வந்து நின்று சொன்னார். "மாஸ்டர், பிள்ளைங்க விளையாடறது எனக்குச் சந்தோசந்தானுங்க. ஆனா சும்மா விளையாடறதுக்கு எடத்த எப்படீங்க அடச்சு வெக்கறது? மாவட்டப் போட்டி வருதுன்னு சொன்னீங்க. ஒரே ஒரு மெடலு கொண்டாங்க, குடோன் உங்களுது. இல்லீன்னா மிஷின எறக்கீர்றேன்." மாஸ்டர் "சரீங்க" என்றார். போட்டிக்கு மூன்று மாதம் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மாஸ்டர் என் மூட்டைக்கு முன்னால் வந்து நின்றார். "அம்மிணி, உனக்கு இங்கிலீசு நல்லா வருமில்ல? கொஞ்சம் ஸ்டோர் ரூமுக்கு வா சாமி." அங்கே ஒரு பழைய டிவி, ஒரு டெக், நான்கு வீடியோ கேசட்டுகள். சரக்கைப் பரிசோதிக்க வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருந்த ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனவை. டிவிமேல் விபூதி பூசியிருந்தது. மாஸ்டர் செருப்பைக் கழற்றி, திரையைக் கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினார். குறுக்கே கோடு ஓடும் மங்கலான படத்தில் புருவம்கூட வெளுத்த ஒரு ஜப்பானியப் பெரியவர் எங்களைப் பார்த்து நின்று குனிந்து வணங்கினார். சத்தம் போய்விட்டிருந்தது, இரைச்சல்தான் கேட்டது. அந்தப் பெரியவர் தன்னைப் போல இரண்டு மடங்கு உடம்புள்ள ஒருவரின் சட்டையைப் பிடித்தார், அரை வட்டம் திரும்பினார், அந்த ஆள் காற்றில் போய் விழுந்தார். பெரியவரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எத்தனையோ புத்தகங்களில் எத்தனையோ வீரர்களைப் படித்தவள் நான். ஆனால் பலம் என்பது இவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாஸ்டர் சிங்கப்பூரில் மூன்று வருடம் வேலை பார்த்தவர். அங்கே ஜப்பான்காரர்களிடம் நேரில் பழகினார் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. அவர் அதை ஆமாம் என்றதும் இல்லை, இல்லை என்றதும் இல்லை. "கீழ பொடிப்பொடியா எழுத்து ஓடுது பாரு கண்ணு. அத எனக்குத் தமிழ்ல எழுதிக் குடு. போட்டிக்குன்னு போறோம், ஒண்ணும் உட்டுப்போகக் கூடாது" என்று அவர் சொன்னபோது எனக்கு விளங்கிவிட்டது. நேற்று மாலை அவர் சொல்லிக்கொடுத்தது முந்தாநாள் மத்தியானம் இந்தத் திரையில் பார்த்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவரும் புரிந்துகொண்டார். "ஆருகிட்டயும் சொல்லீராத. புள்ளைங்க நம்பிக்கை போயிரும்." அதற்குக் கூலியாகவோ என்னவோ, என்னையும் எட்டாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார். உன் அப்புச்சி, "புஸ்தகம் படிச்சுக் கூன் உளுந்துரும்னு பயந்துட்டிருந்தேன், தாராளமாப் போ" என்றார்.

மாஸ்டர் கற்றுக்கொண்ட முறையைச் சொன்னால் நீ சிரிக்கக் கூடாது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, திரையில் பெரியவர் எந்தப் பக்கம் நகர்கிறாரோ அந்தப் பக்கம் தானும் நகர்ந்து, தன் காலைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் வரைந்து, அதை அட்டையில் வெட்டி வைத்திருந்தார். பனியனுக்குக் கை, உடம்பு, கழுத்து என்று அட்டை வெட்டுவது போல ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கட்டுக் கால் அட்டைகள். அவற்றைப் பாய்மேல் பரப்பி, "இதுமேல மிதிச்சு வா" என்பார். மிதித்துப் போனால் ஆள் தானாக முதுகில் ஏறும். நான் முதன்முதலில் ஜெபாவைத் தூக்கிப் போட்டது அந்த அட்டைகளின்மேல்தான். அன்றைக்கு வீட்டுக்கு நடந்துபோன தெரு முழுக்க எனக்கு அகலமாகத் தெரிந்தது.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, கடைசிக் கேசட்டைத் தமிழில் எழுதுகையில், அதைக் கண்டுபிடித்தேன். கீழே ஓடும் எழுத்து, "வலது கையால் கழுத்துப் பட்டியைப் பிடி" என்றது. எங்கள் எல்லோருக்கும் இடது கை. "வலது காலை முன்னால் வை" என்றது. எங்கள் அட்டையில் இடது கால். பெரியவர் நம்மைப் பார்த்து நிற்கிறார். அவருடைய வலது நமக்கு இடப்பக்கம் தெரிகிறது. கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவுவது போல மாஸ்டர் அப்படியே வாங்கிவிட்டார். அங்கியின் முன்பக்கத்தைக்கூட மாற்றித்தான் மடித்துக் கட்டியிருந்தோம். ஆயுள் முழுக்கப் பனியன் வெட்டிய கை அது. பனியன் அட்டையைப் புரட்டி வைத்தாலும் அதே உடம்புதான் வரும். இடம் வலம் என்று ஒன்று அதில் கிடையாது. அவருக்கு அது தோன்றவே இல்லை.

இனி என் தப்பு. நான் அதை மாஸ்டரிடம் சொல்லவில்லை. எழுதிக்கொடுத்த தாளிலும் வலது, இடது என்ற சொற்களை விட்டுவிட்டேன். அவர் மனம் நோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எல்லோரும் தெரியாமல் நிற்கும்போது எனக்கு மட்டும் தெரியும் என்பது வெல்லக்கட்டி போல வாயில் கரைந்துகொண்டிருந்தது. ஜெபாவிடம் மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. "என்னட்டி சொல்லுத? ஒரு வருசமா தலகீழாவா போட்டுக்கிட்டு இருந்தோம்?" என்றாள். நான் நூலகத்திலிருந்து ஒரு படப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினேன். மெடல் வேண்டுமென்றால் முறையாக விளையாட வேண்டும் என்று பெரிய மனுஷி போலப் பேசினேன். லைன் வீட்டு மொட்டை மாடியில் கோரைப் பாயை விரித்து, மாஸ்டருக்குத் தெரியாமல் இரண்டு வாரம் வலது கைப் பழக்கம். அதற்குமேல் ஜெபா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. புத்தகத்தில் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போட்டி கோயம்புத்தூரில், ஒரு கல்லூரியின் உள்ளரங்கில். கம்பெனி வேனில் துணிக் கட்டுகளை இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே நுழைந்ததுமே தலைமை நடுவர் எங்களை நிறுத்தினார். அவரும் வயதானவர், பட்டாளத்தில் ஜூடோ கற்றவராம். "அங்கிய இடதுபக்கம் மேல வர்ற மாதிரி மடிச்சுக் கட்டணும்மா. இது தெரியாமலா வந்தீங்க?" எட்டுப் பேரும் அங்கேயே அவிழ்த்து மாற்றிக் கட்டினோம். பக்கத்து அணிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "திருப்பூருங்களா? அதான் துணியத் திருப்பித் திருப்பிப் போடறீங்க" என்றாள் ஒருத்தி.

முதலில் ஜெபா இறங்கினாள். நடுவர் குரல் கொடுத்ததும் இடது கையை நீட்டினாள். பாதியில் என் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வலது கைக்கு மாற்றினாள். கால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றது. அந்தக் கணத்தில் எதிராளி அவளை மல்லாக்கப் போட்டுவிட்டாள். முழுப் புள்ளி, ஆட்டம் அதோடு முடிந்தது. இரண்டு வாரத்தில் நான் கட்டிய கோட்டை அரை நிமிடத்தில் சரிந்தது. ஜெபா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டவில்லை. "எந்தக் கைன்னு யோசிச்சிட்டேன்" என்றாள், அவ்வளவுதான்.

மாஸ்டர் மற்ற பாய்களில் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். காதிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்துக் கையில் உருட்டினார். மெல்ல என்னிடம் வந்து, "கண்ணு, எல்லாரும் மாத்திப் புடிக்கறாங்களே" என்றார்.

"அவங்க இல்லீங்க மாஸ்டர். நாமதானுங்க மாத்திப் புடிக்கறோம்" என்றேன். எழுத்தில் வந்ததை, மொட்டை மாடியை, ஜெபாவை, எல்லாவற்றையும் அழுதுகொண்டே ஒப்பித்தேன்.

அவர் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். சாக்குக்கட்டியைத் திரும்பக் காதில் செருகினார். பிறகு, "ஒரு மாசம் முன்னாலயே தெரியுமா உனக்கு?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். எட்டுப் பேரையும் கூப்பிட்டு வட்டமாக நிறுத்தினார். "இங்க பாருங்க. நாம ஒரு வருசமா எடங்கையில வெட்டிப்போட்டோம். வெட்டுன துணிய ஒட்ட முடியாது. வெட்டுன அளவுக்குத் தச்சுப்போடலாம். ஆரும் கைய மாத்த வேண்டாம். போங்க."

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க நீ அங்கே இருந்திருக்க வேண்டும். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் வலது கைக்குப் பழகியவர்கள். எங்கள் கை வரக்கூடாத பக்கத்திலிருந்து வந்தது, கால் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. எங்களில் ஐந்து பேர் முதல் ஆட்டத்தை ஜெயித்தோம். நானும்தான். என்னைவிட ஒரு சாண் உயரமான பெண்ணை இடுப்பில் ஏற்றி வீசினேன். அவள் விழுந்த சத்தம் எனக்குக் கைதட்டல் போலக் கேட்டது. தலைமை நடுவர் குறிப்பேட்டை மூடிவிட்டு, "எட்டுப் பேரும் இடங்கையா? ஒரே ஊருல இப்படியெல்லாம் பொறப்பாங்களா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். ஆனால் மற்ற பயிற்சியாளர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டாவது சுற்றில், "லெஃப்ட்டு, லெஃப்ட்டப் பாத்து ஆடு" என்று ஓரத்திலிருந்து குரல் வந்தது. எங்கள் இடது கையை எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியாகத் தோற்றோம். நானும் தோற்றேன். மத்தியானம் பொட்டலச் சோற்றை யாரும் பிரிக்கவில்லை. குடோனில் மிஷின் எப்படி வரிசையாக நிற்கும் என்றுகூட ஒருத்தி கணக்குப் போட்டாள்.

அப்போது ஜெபாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவளைத் தோற்கடித்தவள் இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டாள். அப்படிப் போனால் அவளிடம் தோற்றவர்களுக்கு மூன்றாம் இடத்துக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. எங்களில் ஒருத்திக்கும் அந்த விதி தெரியாது. ஜெபா எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து, "நான் சொன்னத மறந்துரு ஜெபா. இடது போதும்" என்றேன். அவள் என்னைப் பார்த்து, "நீ சும்மா இரிட்டி" என்றாள்.

எதிராளியின் பயிற்சியாளர் இப்போதும், "லெஃப்ட்டு" என்று கத்தினார். ஜெபா உள்ளே போய் வலது கையால் பிடித்தாள். எதிராளி குழம்பி, வலதுபக்க வீச்சுக்குத் தயாராகத் தன் எடையை மாற்றினாள். ஜெபா வலது காலையும் வைத்தாள், பாதி திரும்பினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடியது தப்பு, ஏனென்றால் அதற்கடுத்த ஒரு நொடியை நான் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். திரும்பிய வேகத்திலேயே பிடியை விட்டு, எதிர்ப்பக்கம் சுழன்று, இடது கையால் வாரி எடுத்தாளாம். நான் கண் திறந்தபோது எதிராளி பாயில் கிடந்தாள், நடுவரின் கை மேலே உயர்ந்திருந்தது. அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாஸ்டரின் தப்பையும் என் தப்பையும் எடுத்து, அந்தப் பாயில் நின்றபடி அவளாகச் சேர்த்துத் தைத்துக்கொண்டாள். எட்டுப் பேரும் பாய்க்குள் ஓடினோம். நடுவர் "வெளிய போங்கம்மா, வெளிய போங்க" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். அலமாரியில் இருக்கும் படம் அன்றைக்குப் பதக்கம் கொடுத்ததும் எடுத்தது.

இதைக் கேட்டு, அம்மா மறைத்ததால்தானே ஜெயித்தார்கள் என்று நீ கணக்குப் போடாதே. நான் அன்றைக்கே மாஸ்டரிடம் சொல்லியிருந்தால் எட்டுப் பேருக்கும் ஒரு மாதம் கிடைத்திருக்கும். எட்டுப் பேருக்கும் இரண்டு கை வந்திருக்கும். ஒருத்தி தன் சாமர்த்தியத்தால் என்னைக் காப்பாற்றினாள், அவ்வளவுதான். பிற்பாடு ஜெபாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "கீழ விழுந்தவ நானு, அழுதவ நீயா?" என்று தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தத் தட்டு எனக்குப் போதவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

மறுநாள் மாலை முதலாளி குடோனுக்கு வந்து மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தினார். செக்கிங், பேக்கிங், தையல் என்று மொத்தக் கம்பெனியும் கூடியிருந்தது. "சிங்கப்பூருல ஜப்பான் மாஸ்டருங்ககிட்டக் கத்துக்கிட்டது வீண் போகலீங்க" என்றார் முதலாளி. மாஸ்டர் பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "நான் ஆருகிட்டயும் கத்துக்கலீங்க. ஸ்டோர் ரூம் டிவியில கேசட் போட்டுப் பாத்ததுங்க. அதையும் மாத்திப் பாத்துப்போட்டேன். ஒரு வருசம் இந்தப் புள்ளைங்களுக்குத் தப்பாத்தான் சொல்லிக் குடுத்திருக்கறேன்." முதலாளி அந்தப் பொன்னாடையை வாங்கி மறுபடியும் அவர் தோளில் போட்டார். "அதனால என்னங்க மாஸ்டர்? நான் மட்டும் ஆருகிட்டக் கத்துக்கிட்டேன்? அடுத்த கம்பெனி பனியன ஒண்ணு வாங்கியாந்து, தையலப் பிரிச்சுப் பாத்துத்தானுங்க தைக்கப் பழகுனேன். மொதல்ல தச்ச நூறு பீஸும் கழுத்துல தல நொழையல." சிரிப்பு அடங்க நேரமானது. மிஷின்கள் வேறு கொட்டகைக்குப் போயின.

அந்த ஞாயிறு முதல் மாஸ்டர் கோயம்புத்தூர் பஸ் ஏறினார். அந்தத் தலைமை நடுவரிடம் போய், நாற்பத்தைந்து வயதில், வெள்ளைப் பெல்ட் கட்டிக்கொண்டு, பத்து வயதுப் பிள்ளைகளின் வரிசையில் கடைசியில் உட்கார்ந்தார். எங்களையும் கூட்டிப் போனார். நடுவர் பிடித்தால் சட்டை நோகாது. ஆனால் நகர முடியாது. மாஸ்டரை அவர் பதினைந்து முறை போட்டால் பதினாறாவது முறைக்கு மாஸ்டர் எழுந்து நிற்பார். "வலது எதுங்க, இடது எதுங்க, சொல்லிப்போட்டுப் போடுங்க" என்பார். அவரைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். எனக்கு ஆசிரியர் என்றால் யார் என்று கேட்டால், திரையில் வணங்கிய பெரியவரும் அல்ல, பட்டாளத்து நடுவரும் அல்ல. அந்த வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த மாஸ்டரைத்தான் கைகாட்டுவேன்.

ஆகவே, யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல். அம்மாவிடம் பாதி, போனில் மீதி. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நான் உனக்காகப் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. என்றைக்காவது ஒரு நாள், மூக்குக் கண்ணாடி போட்ட, எந்நேரமும் எதையாவது படித்துக்கொண்டிருக்கிற ஒரு பெண், நீ தப்பாகச் சொல்லிக்கொடுப்பதைக் கண்டுபிடிப்பாள். கண்டிப்பாகக் கண்டுபிடிப்பாள். அதை அவள் என்னைப் போல ஒரு மாதம் வாய்க்குள் வைத்துக் கரைக்கும்படி விட்டுவிடாதே. முதல் நாளே உன் முகம் அவளிடம், "எங்கிட்ட வந்து சொல்லலாம்" என்று சொல்ல வேண்டும். அவள் வந்து சொன்னதும், எல்லோர் முன்னாலும் பாயில் இறங்கி, உன் கழுத்துப் பட்டியை அவள் கையில் கொடுத்து, "அப்படியா, போட்டுக் காட்டு" என்று சொல். அவள் உன்னைத் தூக்கிப் போட்டால், நன்றாக விழு.

அம்மா